உயர்த்தும்போது திரும்பும் தலை

ஓர் இளந் தொழிலாளியின் கூலியில் வெட்டு விழுந்த செய்தியை இங்கே எழுத முனைகின்றோம். வெட்டப்பட்ட தொகை பெரிதன்று. இரண்டு நாட் கூலி. ஆயினும் அது எதற்காக வெட்டப்பட்டது, அதில் யாருடைய பிழை எவ்வளவு என்பதை விளக்க வேண்டுமாயின், ஓர் இயந்திரத்தின் உடலமைப்பைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச நேரும். இலக்கிய ஏட்டிலே இரும்பைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் முகஞ்சுளிக்க மாட்டார்கள் என்று நம்புகின்றோம். இரும்போடு வாழ்வோரும் இந்த நாட்டு மக்கள்தாமே.

கல்முனைக் கடைத்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் நாம் வேலை செய்யும் பட்டறை இருக்கின்றது. தகரக் கூரை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தெரு. கடலின் உப்புக் காற்று, துடைத்து வைத்த இரும்பின் மீது ஒரே இரவில் செந்நிறம் பூசிவிடும். சாய்ந்தமருது மீனவரின் படகு இயந்திரத் தண்டுகளும், சம்மாந்துறை, நிந்தவூர் நெல் ஆலைகளின் உருளைகளும், மருதமுனைக் கைத்தறிகளின் தேய்ந்த உறுப்புகளும் இங்கே வந்து சேர்கின்றன. கொழும்புக்கு அனுப்பினால் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலையை ஒரு நாளில் முடித்துக் கொடுப்பதே எம்போன்ற சிறு பட்டறைகளின் பயன். ஒரு நாள் தாமதமானால் கடலுக்குப் போகாத படகொன்றும், ஓடாத தறியொன்றும், அவற்றை நம்பிய அடுப்புகளும் எமது கண்முன் நிற்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது. அதற்கு முன் இப்பட்டறையில் இருந்தவற்றுள் கடைசல் இயந்திரம் ஒன்றே கழுவித் துடைத்துப் பிழைக்க வைக்கக் கூடியதாய் எஞ்சியது. சில ஆண்டுகள் சென்றபின் முதலாளி தம் மனைவியின் நகைகளை அடகு வைத்து, பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். வட்டத் தூண் இயந்திரம். கையிலிருந்த பணத்துக்கு வேறெதுவும் கிடையாது. அதன் வருகையை ஊரார் ஒரு கலியாணம் போலவே பார்த்தனர்.

இந்த இயந்திரத்தை இவ்வாறு எண்ணிக் கொள்ளலாம். கனத்த அடிப்பாகத்தின் மீது உருண்டையான இரும்புத் தூண் ஒன்று செங்குத்தாக நிற்கின்றது. அத்தூணைக் கழுத்துப் பட்டை போலக் கவ்விக்கொண்டு ஒரு தலை இருக்கின்றது. தலையின் முன்புறத்தில், வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழலும் தண்டு. கீழே, நெடுக்காகவும் குறுக்காகவும் நகரும் மேசை. மேசையை நகர்த்தும் கைச்சில்லுகளில் அளவுக் கோடுகள் உண்டு. அவற்றைப் பார்த்து நூற்றிலொரு பங்கு மில்லிமீற்றர் வரை நகர்த்தலாம். தலையை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டுமானால், கழுத்துப் பட்டையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தூணோரமாய் நிற்கும் பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு தலை மேலேறும்.

இங்கேதான் வில்லங்கம் தொடங்குகின்றது. உருண்டைத் தூணில் ஏறும் தலைக்கு வழிகாட்ட ஒரு விளிம்பும் இல்லை. பற்சட்டமும் தலையோடு சேர்ந்து தூணைச் சுற்றி வரக்கூடியது. ஆகையால் தலை ஏறும்போதே சிறிது இடமோ வலமோ திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கருவியின் நுனி முன்பு நின்ற இடத்தில் இப்போது நிற்பதில்லை. கைச்சில்லின் கோடுகள் மட்டும் ஒன்றும் நடவாதது போலப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இத்தகைய தூண் துளையிடும் இயந்திரத்துக்குப் போதுமானது. அங்கே தொழிலாளி புள்ளி குத்திய இரும்பைக் கையால் நகர்த்தித் துளைக்கருவியின் கீழே கொண்டுவந்து வைக்கின்றான். தலை எப்பக்கம் திரும்பியிருந்தாலும் கேடில்லை. துளையிடும் இயந்திரத்தின் உடலை மில்லிங் வேலைக்கும் பயன்படுத்தலாம் என்று விற்கத் தொடங்கியபோதுதான் இக்குறை குறையாயிற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1938இல் வெளிவந்த பிரிட்ஜ்போர்ட் இயந்திரத்தில் மேசையே தூணின் முகத்திலுள்ள புறாவால் வழியில் ஏறி இறங்கும். வேலைப்பொருளின் உயரத்தை மாற்றத் தலையை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் புறாவால் வழியை வெட்டிச் சுரண்டிச் செம்மை செய்யத் திறமும் நேரமும் பணமும் வேண்டும். உருண்டைத் தூணையோ கடைசல் இயந்திரத்தில் கடைந்து சாணை பிடித்தால் போதும். பின்னாளில் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட வட்டத் தூண் இயந்திரங்கள் இந்த மலிவினாலேயே உலகெங்குமுள்ள சிறு பட்டறைகளை அடைந்தன. அதை நாம் இகழவில்லை. அவை இல்லையேல் எமக்கு இயந்திரமே இல்லை. எனினும் விலையில் குறைந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தூணில் செலவிடாத உழைப்பைத் தொழிலாளி தன் ஒவ்வொரு வேலையிலும் செலவிட வேண்டியிருக்கின்றது. தவறினால் தன் கூலியிலும்.

இனி நடந்ததைச் சொல்வோம்.

சிறுபோக உழவு தொடங்கிய காலம். கல்லோயா நீர் வாய்க்காலில் திறந்துவிடப்படும் நாட்கள் குறிக்கப்பட்டவை. அதற்குள் உழவேண்டும், விதைக்கவேண்டும். சம்மாந்துறைப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் தமது லேண்ட்மாஸ்டரின் கியர்ப் பெட்டிப் பக்கத் தகடு வெடித்துவிட்டதென்று கொண்டு வந்தார். சொந்தமாய் அவருக்குச் சொற்ப நிலம். பிறருடைய வயலை உழுது கொடுக்கும் கூலியே பெரும்பங்கு வருமானம். புதிய தகடு செய்ய வேண்டும். நடுவில் பேரிங் அமரும் பெரிய துளை. ஓரங்களில் நான்கு போல்ட் துளைகள். அவற்றோடு, தகடு பெட்டியில் இம்மியும் பிசகாமல் அமர்வதற்கு இரண்டு முளைத் துளைகள். போல்ட் துளை சிறிது பிசகினால் அரத்தால் அராவிச் சமாளிக்கலாம். முளைத் துளை பிசகினால் பேரிங்கின் மையம் தண்டின் மையத்தை விட்டு விலகும், தண்டு இறுகும், பெட்டி கெடும்.

வேலை பதினெட்டு வயதுத் தம்பி ஒருவனிடம் கொடுக்கப்பட்டது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறியவன். தகப்பனார் வீடுகளுக்குத் தரையோடு பதிக்கும் வேலைக்காரர். தம்பி நடுத்துளையைக் குடைந்தான், நன்றாகவே குடைந்தான். பின்னர் துளைக்கருவியைச் சக்கில் மாட்டியபோது, அதன் நீளத்துக்கு இடம் போதாமையால், தலையைக் கையளவு உயர்த்தினான். போல்ட்டுகளை இறுக்கினான். கைச்சில்லின் கோடுகளை எண்ணி எண்ணி ஆறு துளைகளையும் இட்டான். தகட்டைப் பெட்டியில் அமர்த்திய போது தண்டு சுழலவில்லை.

"அளவு தெரியாதவன் மெசினத் தொடலாமா மனே?" என்றார் முதலாளி. விவசாயி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தகடு பழைய இரும்புக் குவியலில் வீசப்பட்டது. அன்றிரவு வரை வேறொருவர் இருந்து வேறொரு தகடு செய்து கொடுத்தார். கிழமை முடிவில் தம்பியின் கூலியில் இரண்டு நாள் குறைந்தது.

"நான் கோட்டப் பாத்துத்தான் சுத்தினேன் காக்கா" என்று அவன் எம்மிடம் சொன்னான். அழவில்லை. தன்னையே நம்பாதவனின் குரலில் சொன்னான். அது எம்மை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் பட்டறை மூடப்படும். ஜும்ஆத் தொழுகை முடிந்து திரும்பியவுடன், யாருமில்லாத நேரத்தில், அந்தத் தகட்டைக் குவியலிலிருந்து எடுத்து அளந்தோம். ஆறு துளைகளும் தமக்குள் கொண்ட இடைவெளிகள் யாவும் சரியாக இருந்தன. குற்றம் ஒன்றே: ஆறும் சேர்ந்து, நடுத்துளையிலிருந்து, மேசையின் நெடுக்குத் திசையில், ஒரே பக்கமாய், மூன்றிலொரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் விலகியிருந்தன. அளவு தெரியாதவன் இட்ட துளைகள் இவ்வாறு விலகா. ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியுமாகச் சிதறும். ஆறும் ஒரே அணியாய் நகர்ந்திருக்கின்றன என்றால், தம்பி எண்ணியது ஒவ்வொன்றும் சரி. அவன் எண்ணத் தொடங்கிய இடமே நகர்ந்துவிட்டது. தலை தூணைச் சுற்றித் திரும்பினால், முன்னே நிற்கும் கருவி விலகுவதும் நெடுக்குத் திசையிலேதான். தகடு அவனுக்காகச் சாட்சி சொல்லிற்று.

உறுதி செய்துகொள்ள, டயல் மானியைச் சுழல்தண்டில் பொருத்தி, மேசைமீது இறுக்கிய இரும்புக் கட்டையின் பக்கத்தில் அதன் முனையைப் படவைத்தோம். தலையைத் தளர்த்தி உயர்த்தினோம். பழைய உயரத்துக்கே இறக்கி இறுக்கினோம். முள் பழைய இடத்துக்கு வரவில்லை. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு எண்கள். போல்ட்டுகளை இறுக்கும் கணத்தில்கூட முள் அசைந்ததைக் கண்டோம்.

மறுநாள் தம்பியை அழைத்துக் காட்டினோம். அவன் நெடுநேரம் முள்ளையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப இது ஏறக்குள்ள திரும்புது. திரும்புறத நாம பாக்கலாமே காக்கா" என்றான். எப்படி என்றோம். மாலையில் தன் தகப்பனார் தரையோடு பதிக்கும்போது பயன்படுத்தும் சிறிய லேசர் விளக்கைக் கொண்டு வந்தான். அதன் ஒளி சுவரில் நெட்டுக் கோடாய் விழும். அதை இயந்திரத்தின் தலையில் அசையாது கட்டி, ஒளியை எதிர்ச் சுவரில் விழச் செய்தோம். சுவரோரமாய்க் கூரைச் சட்டத்திலிருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டோம். ஒளிக்கோட்டை நூலோடு பொருத்தினோம்.

இதன் கணக்கு எளிது. எமது இயந்திரத்தில் தூணின் மையத்திலிருந்து சுழல்தண்டின் மையம் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். தூணிலிருந்து சுவர் 5 மீற்றர். அதாவது 5,000 மில்லிமீற்றர். ஆக, ஒரே திருப்பத்துக்குச் சுவரில் ஒளி நகரும் தூரம், கருவி நகரும் தூரத்தைப் போல 25 மடங்கு. தகட்டைக் கெடுத்த 0.35 மில்லிமீற்றர், சுவரிலே ஏறக்குறைய 9 மில்லிமீற்றராய்த் தெரியும். ஒரு பாகையில் பத்திலொரு பங்குத் திருப்பம்தான் அது. பாகைமானியில் அதைப் பார்க்க எவராலும் இயலாது. சுவரில் ஒரு குழந்தையும் பார்க்கும். சுவரில் ஒரு மில்லிமீற்றர் பிசகைக் கண்டு திருத்தினால், கருவியிடத்தில் எஞ்சும் பிசகு 0.04 மில்லிமீற்றர்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஒளி எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒளிக்கோட்டுக்கும் ஒரு தடிப்பு உண்டு. அதன் ஒரே ஓரத்தையே எப்போதும் பார்க்க வேண்டும். விளக்கின் கட்டு தளர்ந்தால் ஒளியே பொய் சொல்லும். ஒளி திருப்பத்தை மட்டும் காட்டும். தூணே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதைக் காட்டாது. ஆயிரத்துக்கு ஒரு பங்கு சாய்ந்த தூணில் தலையை 100 மில்லிமீற்றர் உயர்த்தினால், திருப்பமே இல்லாமலும் கருவி 0.1 மில்லிமீற்றர் விலகும். ஆகையால் முதலில் தூண் மேசைக்குச் செங்குத்தா என்று இரு திசையிலும் பார்த்து, அடியிலே மெல்லிய தகடு செருகி நேராக்கினோம். கழுத்துப் பட்டையின் போல்ட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில், சிறிது சிறிதாக இறுக்குவது என்றும், இறுக்கிய பின்னரும் ஒளியைப் பார்ப்பது என்றும் விதி செய்தோம். மிக நுண்ணிய வேலையாயின், ஒளியை நம்பி நில்லாமல், டயல் மானியைச் சுழல்தண்டில் மாட்டி, முன்பே குடைந்த துளையின் உட்சுவரைச் சுற்றித் தடவி, மையத்தை மீண்டும் கண்டுகொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது, தலையை உயர்த்தாமலே வேலையை முடிப்பது. சுழல்தண்டு தன் உறையோடு தானாகவே ஓரளவு கீழிறங்கக் கூடியது. வேலையைத் தொடங்குமுன் வேண்டிய கருவிகளை வரிசையாய் அடுக்கி, மிக நீளமான கருவிக்கு ஏற்பத் தலையை ஒரே முறை நிறுத்திவிட வேண்டும். குறுகிய கருவி எட்டவில்லையானால் வைஸின் கீழே கட்டை வைத்து வேலைப்பொருளைத் தொடக்கத்திலேயே உயர்த்தலாம். நீண்ட சக்குக்குப் பதிலாகக் கொலெட்டில் துளைக்கருவியைப் பிடித்தால் அரைச் சாண் மிஞ்சும். கட்டையான துளைக்கருவிகளையும் வாங்கலாம். தம்பிக்கு அன்று எவரேனும் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும், தகடு கெட்டிராது.

எவரேனும் என்று எழுதினோம். அந்த எவரேனும் நாமே. அந்த இயந்திரத்தின் தலை திரும்பும் என்பது எமக்கு முன்பே ஓரளவு தெரியும். நாம் கைப்பழக்கத்தால் சமாளித்து வந்தோம். உயர்த்திய பிறகு விளிம்பை மீண்டும் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். ஏன் அவ்வாறு செய்கின்றோம் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்போம் என்று எம்மையே ஆற்றிக்கொள்ளலாம். கேட்கத் தெரியாதவனே கற்க வந்தவன். தொழிலைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருப்பவனுக்குப் பட்டறையில் ஒரு மதிப்பு உண்டு; அந்த மதிப்பை நாம் இழக்க விரும்பவில்லை. முதலாளி கூலியை வெட்டினார். அதற்கான கத்தியை எமது மௌனம் தீட்டிக் கொடுத்தது.

தகட்டையும் கணக்கையும் முதலாளியிடம் கொண்டுபோனோம். இந்நாட்டில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அதிகாரம் பெற்ற கழிவுகள் தவிர வேறு கழிவின்றியே கூலி கொடுக்கப்பட வேண்டும் என்கின்றது. அதையும் சொன்னோம். நியமனக் கடிதமே இல்லாத நாட்கூலிப் பட்டறையில் அந்தச் சட்டத்தின் குரல் மிக மெலிந்தே ஒலிக்கும் என்பதை அறிவோம். முதலாளி சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவருக்குப் போனார், தலையைத் தளர்த்தித் தாமே உயர்த்தினார், ஒளி நூலை விட்டு விலகுவதைப் பார்த்தார். அவரும் அடகு வைத்தவர். தாம் பட்ட கடனில் இந்தத் திருப்பமும் அடங்கியிருந்தது என்று அவருக்கு எவரும் சொல்லி விற்கவில்லை. அடுத்த கிழமைக் கூலியோடு வெட்டிய தொகையும் சேர்ந்திருந்தது. சொல் ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை. அது போதுமா என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், தம்பி அப்பணத்தில் கட்டையான துளைக்கருவி இரண்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்தான்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எமக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், தமிழறிஞராய் விளங்கியவர், விஞ்ஞானம் பயின்றவர், யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர், விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கும் பணியிலும் முன்னின்றவர். ஏட்டறிவும் கணக்கும் செவியும் ஒருவரிடத்தே கூடியிருந்த மண் இது. 1945 முதல் இந்நாட்டில் நிலைபெற்ற இலவசக் கல்வி எமது பிள்ளைகளை உயர்த்தியது. இன்று ஒலுவிலில் பல்கலைக்கழகமே நிற்கின்றது. அவ்வுயர்வால் நாம் மகிழ்கின்றோம். ஆனால் உயரும்போதே பட்டறையை விட்டும் வயலை விட்டும் சிறிது திரும்பிக்கொள்ளும் வழக்கமும் எம்மிடையே வளர்ந்திருக்கின்றது. வட்டத்தின் ஆரையும் வில்லின் நீளமும் கரும்பலகையில் வரையப்படும்போது, அந்த ஆரையின் நுனியில் ஒரு கருவி சுழல்கின்றது, அதன் கீழே ஒருவனுடைய கூலி கிடக்கின்றது என்று ஒரு முறையேனும் சொல்லிக் கொடுங்கள். கணிதத்தில் தவறியவன் என்று நாம் முத்திரை குத்திய பிள்ளை, ஐந்து மீற்றர் ஆரையைத் தானே கண்டுபிடித்துச் சுவரில் காட்டினான். தவறியவன் அவன்தானா என்பதைப் பரீட்சை நடத்துவோர் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தத் தகடு இப்போது எமது சுவரில், தூக்குநூலுக்கு அருகே தொங்குகின்றது. புதிதாய் வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே அதைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்கின்றோம். அளந்து முடித்தபின் பிழை யாருடையது என்று கேட்கின்றோம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. இந்தத் தம்பிக்கு முன்னே இரண்டு இளைஞர், இதே இயந்திரத்தில், இதே போன்ற குற்றத்துக்காகக் கூலி வெட்டப்பட்டு, கை திருந்தாதவர் என்ற பெயரோடு வெளியேறியிருக்கின்றனர். ஒருவன் கட்டார் நாட்டில் கட்டடச் சாரங்களில் ஏறி இறங்குவதாகக் கேள்வி. மற்றவன் எங்கிருக்கின்றான் என்பது தெரியாது. அவர்கள் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட துண்டுகள் எப்போதோ பழைய இரும்பாய் நிறுத்து விற்கப்பட்டுவிட்டன. அவற்றை எவரும் அளக்கவில்லை. நாமும் அளக்கவில்லை.